பட்டுநூலின் இந்த முனை

ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். அந்த நொடியில் சுவர்க் கடிகாரத்தை ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. என் பதினொரு வயது மகள் தும்மினாள். அவள் உதட்டில் கவ்வியிருந்த தூண்டில் கொக்கி தொண்டைக்குள் போய்விட்டது.

குற்றம் என்னுடையது. ஆஸ்டின் டவுன் பேட்டையில் பள்ளி ஆசிரியனாக இருந்த எனக்கு ஒரே ஒரு பைத்தியம்: காவிரியில் மீன்பிடிக்க நானே ஃப்ளை கட்டுவது. கொக்கியில் கோழி இறகை வைத்துப் பட்டுநூலால் இறுகச் சுற்றினால் தண்ணீரில் அது பூச்சி மாதிரி தெரியும். கடையில் வாங்குவது நாலு மீனுக்குள் பிரிந்துவிடும். நான் கட்டியது வருஷக்கணக்கில் நின்றது. எதற்குள் என்ன இருக்கிறதென்று எனக்குத் தெரியும் என்பதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

"நீங்க மீன் புடிச்சதைவிட கோழி புடிச்சதுதான் ஜாஸ்தி மாமா" என்பார் மைத்துனர்.

நூலுக்கு மெழுகு தேய்க்க இரண்டு கைகளும் வேண்டும். அப்போது பாதி கட்டிய கொக்கியை உதட்டில் கவ்விக்கொள்வேன். பார்த்துப் பார்த்து அவளும் அப்படியே செய்திருக்கிறாள்.

அவள் வாயிலிருந்து ஒரு முழம் சிவப்பு நூல் தொங்கியது. அதன் முனையைப் பிடித்துக்கொண்டேன். மைத்துனர் டாக்டரை அழைத்துவர, சற்றுத் தள்ளியிருந்த ஜீவனஹள்ளிக்குச் சைக்கிளில் விரைந்தார். பக்கத்து வீட்டம்மா வாழைப்பழத்தோடு வந்தார்.

"முழுசா முழுங்கச் சொல்லுங்க சார், எல்லாம் சேந்து இறங்கிடும்."

"வேணாம்மா, கிழிச்சிடும்."

"அப்போ இழுத்து எடுங்களேன்!" என்று கத்தினாள் மனைவி.

இழுக்கலாமா? கொக்கி நுனிக்குக் கீழே பின்பக்கமாக ஒரு சின்ன முள் இருக்கும். மீனை விடாமல் பிடிப்பது அதுதான். குஞ்சு மீன்களைத் திரும்ப விடுவதற்காக அந்த முள்ளை நான் குறடால் அமுக்கிவிடுவேன். அதுவும் கட்டுவதற்கு முன்பே. கட்டிய பிறகு அமுக்கினால் சில கொக்கிகள் உடைந்து உழைப்பெல்லாம் வீணாகும். நான் கட்டிய கொக்கியாக இருந்தால் எனக்குத் தெரிந்திருக்கும். இது அவளே எடுத்தது. புதுக் கொக்கிப் பொட்டலம் மேஜைமேல் பிரிந்து கிடந்தது.

"முள்ளை அமுக்கினியா கண்ணு? ஆமான்னா கண்ணை மூடு."

மூடவில்லை. என்னையே பார்த்தாள். எச்சிலில் ரத்தம் கலந்து வந்தது.

அதன்பிறகு நான் அசையவில்லை. இழுக்கவும் பயம், தளர்த்தவும் பயம். பதினொரு வயதுக் கை கட்டிய கட்டு; அது அவிழ்ந்தால் என் கையில் வெறும் நூல்தான் மிஞ்சும். இன்றைக்கும் யாராவது தும்மினால் என் விரல்கள் தாமாக மடங்குகின்றன.

"இவளுக்கு ஏதாவது ஆச்சு, அந்த இறகுப் பெட்டியோட உங்களையும் சேத்துக் கொளுத்திடுவேன்" என்றாள் மனைவி. சொல்லிவிட்டு, நூலைப் பிடித்திருந்த என் மணிக்கட்டைத் தன் இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டாள்.

நாலேகாலுக்குக் கன்னடக்கார டாக்டர் வந்தார். மைத்துனரின் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்து வந்திருந்தார். வழியிலேயே எல்லாவற்றையும் கேட்டுத் தெரிந்துகொண்டவர், வந்ததும் டார்ச் விளக்கை அடித்து அவள் வாய்க்குள் வெகுநேரம் பார்த்தார். பிறகு பையைத் திறந்து நீளமான இடுக்கியை எடுத்தார்.

"நாக்குக்குப் பின்னாடியே மாட்டி நிக்குது. கண்ணுக்குத் தெரியுது, எடுத்துடலாம். பாப்பா போட்ட கட்டு கெட்டியா இருக்கு. இல்லேன்னா இந்நேரம் உள்ள போயிருக்கும். நூலை மட்டும் விட்டுடாதீங்க, மேஷ்ட்ரே."