முட்டத்தில் ஒரே கல்லை ஒன்பது முறை போட்ட கதை

முட்டத்துக்குப் போகிறவர்கள் கலங்கரை விளக்கம் பார்க்கப் போவார்கள். நான் போன சனிக்கிழமை போனது ஒரு காங்கிரீட் பலகை உடைகிறதா என்று பார்க்க. சிரிக்காதீர்கள். என் கல்லூரித் தோழி ஷைனி கட்டடப் பொறியாளர். அவளுடைய பெற்றோர் வீட்டை இடிப்பதா, பலப்படுத்துவதா என்று அன்றைக்கு முடிவு தெரிய வேண்டும். "நீயும் வாட்டி, சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள்.

நாகர்கோவிலில் காலை 7.10க்குப் பேருந்து. 17 கி.மீ., ஐம்பது நிமிடம். நகரப் பேருந்து என்பதால் பெண்களுக்குக் கட்டணமில்லை. நிறுத்தத்திலிருந்து ஆட்டோவுக்கு 60 ரூபாய் கொடுத்தேன். பத்து நிமிட நடைதான் என்பது இறங்கிய பிறகுதான் தெரிந்தது.

வீட்டுக்கும் கடல் தடுப்புச் சுவருக்கும் முப்பது அடி. காற்றே இல்லாமல் திடீரென்று பொங்கும் கடலை இங்கே கள்ளக்கடல் என்கிறார்கள். போன வருடம் அது வந்தபோது, சுவரிலிருந்த கல் ஒன்றைத் தூக்கி மட்டுப்பாவில், அதாவது மொட்டைமாடியில், போட்டிருக்கிறது. எடை 28 கிலோ. கீழே கட்டிலில் ஷைனியின் அம்மா பிலோமினா. கூரையின் அடிப்பக்கம் பெயர்ந்து தோளில் விழுந்தது. அன்றிலிருந்து அவர் கட்டிலைத் தன் தங்கை வீட்டில் போட்டு, இரவில் அங்கேதான் தூங்குகிறார்.

ஒரு கல்லுக்கே கூரை ஏன் இப்படி ஆனது? ஷைனியின் அப்பா அந்தோணி, மீன்பிடிப்பவர், மறைக்காமல் சொன்னார்: "கூரை வார்ப்பு போட்டப்போ கெணறு தூரம். கடலு இந்தா பக்கத்துல கிடக்கு. இருபத்தோரு நாளும் உப்புத்தண்ணியக் கோரி ஊத்தி நனைச்சேன் மக்கா." உப்பு உள்ளே இறங்கி, கம்பியெல்லாம் துரு.

வீட்டோடு அதே நாளில் வார்த்த, வலை வைக்கும் அறையின் கூரையிலிருந்து ஷைனி ஒரே அளவில் இரண்டு துண்டுகள் வெட்டியிருந்தாள். ஒன்றை அப்படியே விட்டாள். மற்றதில் துருவைச் சுரண்டி, சிமெண்ட் பூசி, அடியில் கார்பன் நார்த்துணியைப் பசை வைத்து இரண்டு அடுக்காக ஒட்டியிருந்தாள். உயரமான மூன்று கால் சட்டத்தில் சங்கிலிக் கப்பி. அதே கல். பத்தடி உயரம்.

ஒட்டாத துண்டு முதல் அடியிலேயே அடிப்பக்கம் பாளம் பாளமாகக் கொட்டியது. இரண்டாவது அடியில் கல் ஊடுருவிக் கீழே மணலில் கிடந்தது. பிலோமினா தோளைத் தடவிக்கொண்டார்.

ஒட்டிய துண்டில் கல் விழுந்தது. துள்ளியது. மறுபடி போட்டோம். மேலே விரிசல் ஓடியது, கீழே ஒரு பொட்டு உதிரவில்லை. "இனியும் போடு" என்றார் அந்தோணி. ஏழாவது அடியில் நடுவில் குழி விழுந்து, துணியின் ஓரம் விரல் அகலத்துக்கு விலகியது. அவ்வளவுதான். புடவை கனம்கூட இல்லாத துணி, ஐயா! எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. பிலோமினா குனிந்து அடிப்பக்கத்தைக் கையால் தடவிப் பார்த்தார். கையில் தூசிகூட ஒட்டவில்லை. வீட்டை இடிக்க வேண்டாம், பலப்படுத்தலாம் என்று முடிவானது.

கடலோரத்தில் வீடு இருப்பவர்களுக்கு ஷைனி சொன்னது: துருவை எடுக்காமல் துணியை ஒட்டினால் பயனில்லை. பொறியாளர் பார்க்காமல் கையை வைக்காதீர்கள். சிமெண்ட் பூச்சையும் உப்பில்லாத நல்ல தண்ணீரில்தான் நனைக்க வேண்டும். முட்டத்துக்கு வருபவர்கள் வெயிலுக்கு முன் வாருங்கள், பாறையில் அலைக்கு முதுகைக் காட்டி நிற்காதீர்கள். திரும்ப எனக்கு 4.15க்குப் பேருந்து கிடைத்தது.

கிளம்பும்போது பிலோமினா கணவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: "கட்டில எடுத்துட்டு வரச் சொல்லுதேன். ஆனா இந்தத் தடவ நனைக்கது நானாக்கும். நீங்க கடல் பக்கமா வாளியக் கொண்டு போவப்பிடாது."

பேருந்துக்கு நடந்தபோது பார்த்தேன். தெருக்குழாயில் பெண்களின் வரிசைக்கு நடுவே, இரண்டு குடங்களோடு அந்தோணி நின்றுகொண்டிருந்தார்.