அப்பா பின்வரிசைக்குப் போனது

அமெரிக்காவில் எங்கள் மாமாவுக்குப் பிடித்தவை இரண்டு. ஒன்று, அகலமான சாலை. இன்னொன்று, அங்கே அதிபரைப் பிடிக்கவில்லை என்று சபையில் நாலு பேர் கூடி வீட்டுக்கு அனுப்பிவிட முடியாது என்பது. ஆன்சைட் வேலை முடிந்து திரும்பி, ஹைதராபாத் கச்சிபௌலியில் எங்கள் ஃபிளாட்டில் தங்கியிருந்தபோது, தோசைக்குக் காத்திருக்கும் நேரத்திலும் இதையே பேசுவார். அம்மாவின் தம்பி என்பதால் அப்பா பொறுத்துக்கொண்டார், ஆனால் ஒத்துக்கொள்ளவில்லை.

அடுக்குமாடிக்குச் சங்கம் அமைத்து, விதிகளை எழுதும் வேலையை அப்பாவிடம் கொடுத்தார்கள். எங்கள் ஹால் சட்டசபை ஆகிவிட்டது. தலைவரை எல்லா வீட்டாரும் நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும், கமிட்டி வேறு, தலைவர் வேறு என்பது மாமாவின் கட்சி.

"அவரு கொண்டு வர்றதை கமிட்டி தடுக்கட்டும் அத்தான், வேண்டாங்கல. ஆனா தவணை முடியாம ஆளைத் தூக்கக் கூடாது."

மாடிக்கு ஒருவராகக் கமிட்டி அமைய வேண்டும், அதில் ஒருவரே தலைவராகி மற்றவர்களின் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டும், அவர்கள் நம்பிக்கை போனால் இறங்க வேண்டும் என்றார் அப்பா.

"உங்க ஊர்ல தோத்தவன் வீட்டுக்குப் போயிருவான் மாப்ளே. இங்க தோத்தாலும் சபையில அவனுக்கு ஒரு நாற்காலி உண்டு."

அப்பாவின் விதியே நிறைவேறியது. முதல் தலைவரும் அவரே. என் அப்பா பிரசிடெண்ட் என்று பள்ளி முழுக்கச் சொல்லித் திரிந்தேன். எதற்குப் பிரசிடெண்ட் என்று யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் போர்வெல் வற்றி, டேங்கர் தண்ணீரை நம்பிக் கிடந்தோம். கார் நிறுத்தும் அடித்தளத்தை எல்லோரும் செல்லார் என்பார்கள். அங்கே ஓர் அறையில்தான் வாட்ச்மேன் குடும்பம் இருந்தது. அவர்கள் புழங்கும் குழாயை மூடிவிடலாம் என்று கமிட்டியில் பேச்சு எழுந்தது. நான் தலைவராக இருக்கும்வரை அது நடக்காது என்றார் அப்பா. அப்படியானால் தலைவரை மாற்றுவோம் என்றார்கள் அவர்கள். அதற்கான வழியை அப்பாவே பக்குவமாக எழுதிக் கொடுத்திருந்தாரே.

செல்லாரில் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டுக் கூட்டம் நடந்தது. பிள்ளைகள் நாங்கள் ஸ்கூட்டர்கள் மேல் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தோம். கைகள் சரிபாதியாக நின்றன. சமமாக நின்றால் தலைவருக்கு இன்னொரு ஓட்டு உண்டு, அதை அவர் போடாவிட்டால் பதவி போய்விடும். மாமாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை.

"அத்தான், கையைத் தூக்குங்க!"

அப்பா தூக்கவில்லை. "என்னைய நானே காப்பாத்திக்கிட்டா அதுக்குப் பேரு நம்பிக்கையா மாப்ளே?" என்று சொல்லிவிட்டு, தலைவர் வசம் இருக்கும் மோட்டார் ரூம் சாவியை, அடுத்த தலைவராக வரவிருந்த மூன்றாம் மாடிக்காரரிடம் கொடுத்தார். யாரோ கைதட்டினார்கள். பக்கத்து ஸ்கூட்டரில் இருந்த என் தோழி சிரித்தாள். எனக்கு முகம் எரிந்தது. அவர் தோற்றதுகூடப் பரவாயில்லை, ஜெயிக்க முடிந்தும் தோற்றதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. இரண்டு நாள் லிஃப்டில் ஏறாமல் படிக்கட்டிலேயே ஓடினேன்.

இனியாவது வீட்டோடு இருப்பார் என்று நினைத்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டு மறுபடி கூட்டத்துக்குக் கிளம்பினார். கடைசி வரிசையில் உட்கார்ந்தார். தன் திருநெல்வேலித் தெலுங்கில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார். கீழ்க் குழாயை மூடப் போகிறீர்களா? மூடுவதென்றால் யார் யார் சம்மதம் என்று வாட்ச்மேனைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டு கை தூக்குங்கள். ஒரு கையும் எழவில்லை. அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிவைத்தார்கள். அடுத்த வாரமும் அதே கேள்வி.

"மள்ளீ அதேனா, சார்?" என்று புதுத் தலைவர் நெற்றியைத் தேய்த்தார். மறுபடியும் அதேதானா என்று கேட்ட அந்தக் குரலை என் தோழி அப்படியே நடித்துக் காட்டினாள். கட்டடமே சிரித்தது.

"நீங்க போவாதீங்கப்பா. எல்லாரும் சிரிக்காங்க. எனக்கு அசிங்கமா இருக்கு."

"சிரிச்சா சிரிக்கட்டும்ட்டி" என்று சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் பால்கனிக் கதவைச் சாத்திக்கொண்டு டிவி சத்தத்தைக் கூட்டி வைப்பேன். கோடை முடிந்து மழையும் வந்தது. நான் விளையாட இறங்கும்போதெல்லாம் வாட்ச்மேனின் மனைவி அந்தக் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருப்பாள். அதை மூட அவர்கள் மறந்துபோய்விட்டார்கள் என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.