ஒரு டைல்ஸ் பாக்கி

சின்ன வயதில் நான் நிறைய வீடுகளில் குடியிருந்தேன். எல்லாம் புது வீடு. ஒன்றிலும் தரை போட்டிருக்காது. தரை போட்டதும் நாங்கள் கிளம்பிவிடுவோம்.

ஓசூரைத் தாண்டி, கர்நாடகாவில் அத்திபெலே பக்கம் ஒரு லேஅவுட்டில் அப்பாவுக்கு வேலை. ஒரே மாதிரி வீடுகள் வரிசையாக எழும்பிக்கொண்டிருந்தன. பிளம்பர், எலக்ட்ரீஷியன், டைல்ஸ்காரர், பெயின்டர் என்று ஆளுக்கொரு கான்ட்ராக்ட். யார் எந்த வீட்டில் எதுவரைக்கும் வந்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்வதுதான் அப்பாவின் வேலை. மற்றவர்கள் கட்டினார்கள். அப்பா பார்த்தார்.

சாயங்காலம் டீ குடித்துவிட்டு வீடு வீடாகப் போவார். நானும் கூடப் போவேன். யாரைக் கேட்டாலும் "முடிஞ்சுது அண்ணா" என்பார்கள். அப்பா சோதித்துப் பார்ப்பார். பிளம்பர் முடிந்தது என்றால் குழாயைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். எலக்ட்ரீஷியன் முடிந்தது என்றால் போன் சார்ஜரைச் செருகிப் பார்ப்பார். பெயின்டர் முடிந்தது என்றால் சுவரில் முதுகைத் தேய்த்துவிட்டு எனக்குத் திரும்பிக் காட்டுவார். சட்டையில் வெள்ளை இருக்கிறதா என்று நான் சொல்ல வேண்டும். டைல்ஸ் என்றால் குச்சியால் தட்டுவார். அடியில் கலவை சேராத இடம் சத்தத்திலேயே தெரிந்துவிடும். பிறகு ஒரு போட்டோ எடுத்து ஆபீஸ் குரூப்பில் போடுவார். எழுத வராது, பேசி அனுப்புவார். "ஒம்பதாம் நம்பர். பெயின்ட். முடியல." அவ்வளவுதான். வீட்டிலும் அதற்கு மேல் பேசியதாக ஞாபகம் இல்லை.

தங்குவதற்கு ஷெட் கிடையாது. முடியாத வீடு ஏதாவது ஒன்றில் இருந்துகொள்ளலாம், டைல்ஸ் போட்டால் காலி செய்துவிட வேண்டும் என்பது ஆபீஸ் பேச்சு. பிளம்பர் வந்துபோனால் எங்களுக்குத் தண்ணீர் வரும். எலக்ட்ரீஷியன் வந்துபோனால் லைட் எரியும். டைல்ஸ்காரர் வந்தால் அம்மா பாத்திரத்தை மூட்டை கட்டுவாள். அந்த டைல்ஸ்காரர் என் தாய்மாமா. அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. வீட்டுக்கு வீடு எங்களைக் கிளப்பிக்கொண்டிருந்தது அவர்தான்.

எனக்குக் காது குத்துவது தள்ளிக்கொண்டே போனது. நாலு பேரைக் கூப்பிட்டு உட்கார வைக்க இடம் இல்லை. கிருஷ்ணகிரியில் ஒரு கல்யாணப் பந்தியில் பெரியப்பா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி, "ஊருக்கெல்லாம் வூடு கட்றான். சொந்தப் பொண்ணுக்குக் காது குத்த ஒரு வூடு இல்ல" என்றார். அப்பா சாப்பிட்டுக்கொண்டே இருந்தார். அம்மா இலையை மடித்துவிட்டு எழுந்தாள்.

லேஅவுட்டுக்குத் திரும்பி வந்ததும் அம்மா எல்லோருக்கும் போன் போட்டாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை காதுகுத்து, டைல்ஸ் போட்ட வீடு, எல்லோரும் வந்துவிட வேண்டும் என்றாள். யார் வீடு என்று பெரியப்பா கேட்கவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

அப்போது நாங்கள் பன்னிரண்டாம் நம்பரில் இருந்தோம். வெறும் சிமெண்ட் தரை. அம்மா மாமாவைப் பிடித்தாள்.

"உம் மடியில உக்காந்து காது குத்திக்கிற புள்ளடா. இந்தத் தூசியிலயா உக்காருவ?"

மாமா மற்ற வீட்டு வேலையை நிறுத்திவிட்டு ஆட்களோடு வந்தார். பாத்திரங்களை அறை அறையாக நகர்த்தி நகர்த்தி வீடு முழுக்கப் போட்டார்கள். ஹாலில் ஒரு மூலையில் ஒரே ஒரு டைல்ஸ் பாக்கி. அப்பா போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். அம்மாவுக்கு அப்போதுதான் உறைத்தது. முடிந்தது என்று இவர் சொன்னால் நாளைக்குப் பெயின்டர் வருவார். ஞாயிற்றுக்கிழமைக்கு வீடு இருக்காது.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் முடியலன்னு சொல்லுங்களேன். வாய் வெந்தா போயிடும்?"

"முடிஞ்சா முடிஞ்சுதுன்னுதான் சொல்லுவேன்."

மாமா டைல்ஸைக் கையில் பிடித்தபடி யோசித்தார். "முடிக்கலன்னா மச்சான்?"

அப்பாவும் யோசித்தார். "முடிக்கலன்னா முடியல."

மாமா அந்த டைல்ஸைக் கொண்டுபோய் வெளியே சுவரில் சாத்தி வைத்தார். அப்பா மூலையில் இருந்த பள்ளத்தை மட்டும் போட்டோ எடுத்தார். "பன்னெண்டு. டைல்ஸ். முடியல." மறுநாளும் அதே பள்ளம். அதற்கு மறுநாளும் அதேதான். ஆபீஸிலிருந்து இன்ஜினியர் கூப்பிட்டார். கன்னடக்காரர், எங்களிடம் தமிழில் பேசுவார்.

"ஏன்ப்பா, தினமும் பள்ளத்தையே அனுப்பறியே. வீடு எல்லி, எங்கப்பா?"

அப்பா போனை மாமாவிடம் நீட்டினார்.

"அந்த ஷேடு ஸ்டாக் இல்ல சார். குஜராத்துல இருந்து லாரி வரணும்."

"ஒரு டைல்ஸுக்கு லாரியா?"

"சின்ன லாரிதான் சார்."

ஞாயிற்றுக்கிழமை வேனில் சொந்தம் முழுக்க வந்து இறங்கியது. வாசலில் வாழைமரம். அம்மா பள்ளத்தின் மேல் பாயை விரித்து, அதன் மேல் பழத்தட்டுகளை வைத்து மறைத்திருந்தாள். பெரியப்பா வந்ததும் தட்டுகளை நகர்த்தச் சொன்னார். அது ஈசானி மூலை, பிள்ளையை அங்கேதான் உட்கார வைக்க வேண்டும் என்றார். மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டு பள்ளத்தின் மேலேயே உட்கார்ந்தார். அவர் உடம்பு ஒரு பக்கம் இறங்கிவிட்டது.

"மச்சான் ஏன் கோணலா உக்காந்துக்கிறாரு?" என்றார் பெரியப்பா.

"பொண்ணு கனம் ஜாஸ்திங்க" என்றார் மாமா.

ஓசூரிலிருந்து வந்த ஆசாரி தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக் குத்தினார். இன்றைக்கும் என் ஒரு காதுத் துளை இன்னொன்றைவிட மேலே இருக்கிறது.

நான் கத்திய கத்தலில் கார் வந்த சத்தம் யாருக்கும் கேட்கவில்லை. இன்ஜினியரும் வயதான ஒரு கன்னட அம்மாளும் வாசலில் நின்றார்கள். பன்னிரண்டாம் நம்பரை வாங்கியிருந்தவர் அவர்தான். இன்ஜினியர் வாயைத் திறந்தால் அப்பாவுக்கு வேலை போகும். அந்த அம்மாள் வாயைத் திறந்தால் பெரியப்பா முன்னால் அம்மாவின் மானம் போகும்.

இன்ஜினியர் வாழைமரத்தைப் பார்த்தார். வேனைப் பார்த்தார். அப்பாவைப் பார்த்தார்.

"காதுகுத்து" என்றார் அப்பா.

வாங்கினவரிடம் வீடு பூட்டிக் கிடக்கிறது என்று சொல்லிக் கூட்டி வந்திருக்கிறார் போல இன்ஜினியர். முதலில் வாயைத் திறந்தது பெரியப்பாதான். "வாங்கம்மா வாங்க. ஏன் வெளியவே நிக்கிறீங்க? எங்க தம்பி வூடுதான்!"

அம்மா பாயசக் கரண்டியோடு அப்படியே நின்றாள். அந்த அம்மாள் அவள் முகத்தைப் பார்த்தார். வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, தமிழிலேயே "வீடு பாக்கலாமா?" என்றார்.

பெரியப்பா கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். "இது கிச்சன். சிங்க்க அந்தாண்ட வச்சிருக்கணும். கட்னவனுக்கு மூள இல்ல." இன்ஜினியர் இருமினார். "இந்த ரூம்ல பீரோ இங்க வரும்."

"நான் ஜன்னல் பக்கம் நெனச்சேன்" என்றார் அந்த அம்மாள்.

"வேணாம்மா. வெளிச்சத்த மறைக்கும்."

"அதும் சரிதான்" என்று அவர் தலையாட்டிக்கொண்டார்.

ஹாலுக்குத் திரும்பினார்கள். காது குத்தி, நான் இறங்கி வெகு நேரம் ஆகியும் மாமா மூலையை விட்டு எழுந்திருக்கவில்லை. இன்ஜினியர் எழுந்திருக்கச் சொன்னார். "சடங்கு இன்னும் முடியல சார்" என்றார் மாமா.

அந்த அம்மாள் எங்களோடு தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இன்ஜினியர் இரண்டாவது முறை பாயசம் கேட்டார். கிளம்பும்போது அம்மா வெற்றிலை பாக்குத் தட்டோடு வந்தாள். பாதி வழியில் கால் நின்றுவிட்டது. யார் வீட்டில் யார் யாருக்குக் கொடுப்பது? அந்த அம்மாள் முந்தானையை விரித்துப் பிடித்தார்.

"குடும்மா. நீதான குடுக்கணும்."

அம்மா கொடுத்தாள். தட்டிலிருந்து வாழைப்பழம் ஒன்று கீழே விழுந்தது. எடுத்துத் திரும்ப வைத்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்கம்மா" என்றாள்.

காரில் ஏறும்போது இன்ஜினியர் அப்பாவிடம் மெதுவாகக் கேட்டார். "லாரி நாளைக்கு வருமா?"

"வரும்" என்றார் அப்பா.

மறுநாள் மாமா வெளியே சாத்தி வைத்திருந்த டைல்ஸை எடுத்துப் பதித்தார். அப்பா "முடிஞ்சுது" என்று பேசி அனுப்பினார். அம்மா பாத்திரத்தை மூட்டை கட்டினாள். காது வலியோடு அவள் பின்னால் நடந்தேன். எனக்கு அவள் மேல் கோபம். நடந்ததை நான் கண்ணால் பார்த்திருந்தேன். வந்தவருக்கு வெற்றிலை, பாக்கு, பழம் கொடுக்கலாம். அதோடு சேர்த்து வீட்டையும் கொடுத்துவிட்டாள். சுற்றிலும் எங்களுக்கு இன்னும் நிறைய வீடுகள் இருந்தன என்பது வாஸ்தவம்தான். ஆனாலும், சாப்பிட வருகிறவர்களுக்கெல்லாம் ஒன்று ஒன்றாக இப்படித் தூக்கிக் கொடுத்தால் கடைசியில் நமக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்துக்கொண்டே போனேன்.