கொடி ஏறியபோது உட்கார்ந்த சன்னாசி அண்ணன்

சன்னாசி அண்ணன் காலமான செய்தி கூடலூரிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் வந்து சேர்ந்தது. தேவாலா பஜாரில் என் மைக் செட் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தி, கண்டக்டர் படியில் தொங்கியபடியே சொன்னார்.

"மாமா, நம்ம பேக் சன்னாசி அண்ணன் போயிட்டாருங்க. தூக்கத்துலயே உசுரு போயிருக்குது."

நான் நம்பவில்லை. தூக்கத்தில் போகிற ஆளா அவர்? எமன் அவரைத் தேடி இதற்கு முன்பே பல தடவை வந்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் முழங்கால் சில்லில் உதை வாங்கிக்கொண்டு, எருமையைக் கையில் பிடித்துத் தள்ளியபடி மலை இறங்கிப் போயிருக்கிறான். விழித்திருக்கும்போது நெருங்கமுடியாது என்று இந்தத் தடவை திருட்டுத்தனமாக வந்திருக்கிறான் போலிருக்கிறது.

அவரை அறியாத இளையவர்களுக்காக ஒரு சிறு அறிமுகம். சிறு அறிமுகம் என்றாலும் அண்டம் கொள்ளாது. என் மைக் எதையும் கொஞ்சம் பெரிதாக்கித்தான் சொல்லும் என்று உங்களுக்குத் தெரியும். சன்னாசி அவர்கள் கால்பந்தில் பேக். அதாவது கோலுக்கு முன்னால் நின்று, வருகிறவனைத் தடுக்கிறவர். அவர் அடித்த பந்து ஒன்று தேவாலா மைதானத்தில் கிளம்பி நாடுகாணி வளைவுகளைத் தாண்டிக் கேரளாவில் விழுந்தது. மறுநாள் பஸ்ஸில் ஒரு மலையாளி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்து, பந்துக்கு டிக்கெட் வாங்கிய காசை எங்களிடம் கேட்டார். பொய் என்கிறவர்கள் அந்த மலையாளியைத் தேடிக் கண்டுபிடித்துக் கேட்டுக்கொள்ளலாம்.

அவர் பிறந்தது சிலோன் தோட்டத்தில். இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து ஒப்பந்தம் போட்டு ஆட்களைப் பங்கு பிரித்துக்கொண்ட பிறகு, கப்பல் ஏற்றி, மண்டபம் முகாமில் இறக்கி, லாரியில் எங்கள் மலைக்கு அனுப்பினார்கள். அங்கே அவர் இந்தியாக்காரன். இங்கே வந்து இறங்கிய நிமிடத்தில் சிலோன்காரன். கூடவே மனைவி ராமாயி அக்கா, தங்கை பார்வதி, இன்னும் பல குடும்பங்கள்.

எங்கள் ஊருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட் இருந்தது. பெயரைச் சொல்லி அதற்கு இலவச விளம்பரம் தர எனக்கு விருப்பமில்லை. அதன் மேனேஜர் தேயிலையை வயிற்றுக்காக வளர்த்தார், கோப்பைகளை உயிருக்காக வளர்த்தார். ஓரிடத்தில் நல்ல பந்துக்காரன் இருக்கிறான் என்று கேள்விப்பட்டால் சம்பளம் போட்டுப் பிடித்து வந்துவிடுவார். சன்னாசி அண்ணனுக்கும் வாட்ச்மேன் என்று வேலை போட்டார். அவர் காவல் காத்தது கோல் கம்பத்தை மட்டும்தான். ஆட்டத்துக்குச் சம்பளம், ஆட்டத்துக்குச் சோறு, ஆட்டத்துக்காகவே சிமெண்டுத் தரை போட்ட ஒரு வீடு. அவரோடு லாரியில் வந்த மற்றவர்களுக்குச் சரிவின் அடியில் தகரக் கொட்டகை.

அவர் ஆட்டம் சாந்தமான ஆட்டம் என்று நான் எழுதினால் அவரே குழியிலிருந்து எழுந்து வந்து என்னை அறைவார். பிக்கட்டிக்குப் போய் ஆடிய அன்று, அங்கே பாய்ந்து வந்த ஃபார்வர்டும் அண்ணனும் மோதிய சத்தத்தில் குந்தா அணை லேசாக அசைந்தது. புல்லில் ஒரு பல் கிடந்தது. யாருடையது என்று இரண்டு அணியும் வாயைத் திறந்து சோதித்துக்கொண்டன. அண்ணனுடைய மூக்கு கன்னத்துப் பக்கம் திரும்பியிருந்தது. ரெஃபரி பதறிப்போய் விசில் ஊதினார். அண்ணன் இரண்டு கட்டைவிரலாலும் மூக்கை நேராக்கிக்கொண்டு, ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஆட்டத்த நிப்பாட்டாதீங்க ஐயா. மூக்கால யாரும் பந்து ஆடுறதில்ல" என்றார். அன்று மாலை எங்கள் கேப்டன் போஜன், படுகர், பட்டாளத்துக் குடும்பத்துப் பிள்ளை, அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு பஸ் வரை ஓடினார். அந்த இருவருக்கும் இடையே அப்படி ஒரு ஒட்டுதல். போஜனின் அண்ணன் எல்லைச் சண்டைக்குப் போய்ப் பெட்டியில் திரும்பி வந்தவர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

பிறகு ஓர் ஆடி மாத மழை. மழை என்றால் வானத்தைக் கவிழ்த்து அடியில் தட்டுகிற மழை. விடிகிற நேரத்தில் சரிவு பிளந்து ஒரு கொட்டகைமேல் விழுந்தது. உள்ளே பார்வதி. அண்ணன் மண்வெட்டிக்காகக் காத்திருக்கவில்லை, கையால் தோண்டினார். நகங்கள் பெயர்ந்து விரல் நுனிகள் எல்லாம் சதையாக இருந்தன. தங்கையின் கை முதலில் கிடைத்தது. இந்த இடத்தில் எனக்கு மிகைப்படுத்த எதுவும் இல்லை.

மேலே, கெட்டிப் பாறைமேல் தொழிலாளர்களுக்கென்று வரிசை வீடுகளாகக் கட்டிய சிமெண்டு லயம் ஒன்று முழுக்கக் காலியாகப் பூட்டிக் கிடந்தது. மற்ற கொட்டகைகளுக்கு மேலே சரிவில் விரிசல் விட்டு, அதில் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மீதிக் குடும்பங்களை லயத்துக்கு மாற்றச் சொல்லி அண்ணன் பங்களா வாசலுக்கு நடையாய் நடந்தார். அவர்கள் பெயர் நிரந்தரத் தொழிலாளர் பதிவேடான செக்ரோலில் இல்லை, தற்காலிகம்தான், அதனால் லயம் கிடையாது என்று பதில் வந்தது. கடைசித் தடவை மேனேஜர் அவர் தோளில் தட்டி, சுதந்திர தினக் கோப்பையை ஜெயித்துக்கொண்டு வா, பிறகு பேசலாம் என்றாராம்.

அன்று சாயங்காலம் என் கடை பெஞ்சில் வைத்து அண்ணன் தன் திட்டத்தைச் சொன்னார். சிலோன் தோட்டங்களில் காலையில் எல்லோரையும் வரிசையாக நிறுத்திப் பேர் பதிவார்கள்; அதற்குப் பெரட்டு என்று பெயர். அண்ணனுடைய தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்திருக்கிறது. குறை இருக்கிறவர் பெரட்டில் நிற்காமல் தரையில் உட்கார்ந்துவிடுவார். உட்கார்ந்தவரிடம் தொரை தானே நடந்து வந்து என்ன குறை என்று கேட்டாகவேண்டும். கேட்காமல் பெரட்டைக் கலைக்கமுடியாது. எவ்வளவு கொடுமைக்காரத் தொரையும் இதை மட்டும் மீறியதில்லையாம்.

"இங்க அதுக்குப் பெரட்டு எங்க இருக்கு?" என்று போஜன் கேட்டார்.

"கொடியேத்துறப்ப. பெரிய அதிகாரி வாறாரு, மேனேஜர் இருப்பாரு. இந்த ஊர்ல எல்லாரும் ஒண்ணா நிக்கிற பெரட்டு அது ஒண்ணுதான். நான் உக்காந்தா வந்து கேக்காம எப்புடிப் போவாங்க?"

போஜனின் முகம் மாறிப்போனது. "அண்ணா, அது எங்கண்ணன் பெட்டி மேல போத்துன கொடி. விளையாடாதீங்க."

"கொடி மேலயும் பாட்டு மேலயும் எனக்கென்ன பகை? அங்கயும் நிக்கச் சொன்னாங்க, நின்னோம். நின்னவங்களத்தான் கப்பல்ல ஏத்துனாங்க. இங்க ஒருக்கா உக்காந்து பாக்குறேன்."

உட்கார்ந்தால் கேட்பார்கள் என்று அவர் மனதார நம்பினார். அவர் வாழ்நாளில் செய்த ஒரே தப்புக் கணக்கு அது.

சுதந்திர தினத்தன்று மழை சற்றே விட்டிருந்தது. மைதானத்தில் தலை முளைத்திருந்ததா புல் முளைத்திருந்ததா என்று தெரியாத கூட்டம். எஸ்டேட் வாட்ச்மேன்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்திருந்தார்கள். அதிகாரி கொடியேற்றினார். நான் தேசிய கீதத் தட்டை வைத்து ஊசியை இறக்கினேன். ஈ எறும்பெல்லாம் விறைத்து நின்றன. நடு மைதானத்தில், எங்கள் அணி வரிசையில் நின்ற சன்னாசி அண்ணன், சேற்றில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டு, மேனேஜரை நேராகப் பார்த்தார்.

அதற்குப் பிறகு நான் கண்டது இந்தப் பூமியில் வேறு யாரும் கண்டிருக்கமாட்டார்கள். கூட்டம் முழுவதும் அவரைக் கொல்லத் துடித்தது. ஆனால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. பாட்டு ஓடும்போது அசையக்கூடாது. கழுத்து நரம்பு புடைக்க, பல்லைக் கடித்துக்கொண்டு, கையைத் தொடையோடு ஒட்டிவைத்து, ஒரு மலையே விறைப்பாக நின்று அவரை முறைத்தது. அவர் உட்கார்ந்தது எந்தப் பாட்டுக்கோ அந்தப் பாட்டுதான் அந்நேரம் அவருக்குக் காவல். பக்கத்தில் நின்ற போஜன் உதடு அசையாமல், "எந்திரிங்கண்ணா, கொன்னுருவாங்க" என்றார்.

"வந்து கேக்கட்டும்" என்றார் அண்ணன்.

பாட்டு முடிந்தது.

முதல் உதை போஜனுடையது. முதுகில், பூட்ஸோடு. அதற்குள் கூட்டம் கயிற்றை அறுத்துக்கொண்டு வந்துவிட்டது. குடைக்காம்பு, செருப்பு, கார்னர் கொடிக் கம்பு, பெஞ்சுக் கால் என்று கையில் கிடைத்ததெல்லாம் இறங்கியது. ஒரு பெரியவர் தன் ஊன்றுகோலால் அடித்துவிட்டு, ஊன்ற ஒன்றும் இல்லாமல் தானே விழுந்தார். அண்ணன் திருப்பி ஒரு அடிகூட அடிக்கவில்லை. பிக்கட்டியையே அசைத்த மனிதர் சம்மணத்தைக் கலைக்காமல் அடிவாங்கினார். குறை கேட்கும்வரை எழுந்திருக்கக்கூடாது அல்லவா? ஒருவன் இரும்புக் கம்பியை ஓங்கியபோது போஜன் அவர்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டார். போஜனின் தோள்பட்டை எலும்பு முறிந்த சத்தம் என் மைக்கில் ஏறி ஊரெங்கும் கேட்டது. நீயும்தானே உதைத்தாய் என்று பிற்பாடு கேட்டேன். "நான் உதைப்பனுங்க. அது எங்க ரெண்டு பேருக்குள்ள. அவனுக யாருங்க எங்கண்ணனை அடிக்க?" என்றார்.

அதிகாரியின் கார் கிளம்பிப் போனது. மேனேஜர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

போலீஸ் அண்ணனையும், சாட்சிப் பொருள் என்று என் மைக் செட்டையும், மைக் செட்டை விட்டுப் பிரியமறுத்த என்னையும் ஏற்றிக்கொண்டு போனது. ஸ்டேஷனில் நிற்கச் சொன்னார்கள், நின்றார். பாடச் சொன்னார்கள், ஒரு சொல் பிசகாமல் பாடினார். பாடி முடித்த பிறகும் அடித்தார்கள். ஒரு கான்ஸ்டபிள் அவரைக் கவிழ்த்துப்போட்டு வலது முழங்காலில் துப்பாக்கிக் கட்டையை இறக்கினார். இரண்டாவது தடவை இறக்கியபோது அண்ணன் என்னைப் பார்த்தார். "மைக்கு தம்பி, ஒருத்தர்கூடக் கேக்கலையே" என்றார். நான் அழுதேன். எனக்கும் இரண்டு வைத்தார்கள்.

மலையே மைதானத்தில் குவிந்து ஒரு மனிதரை அடித்துக்கொண்டிருந்த அந்நேரத்தில், மேலே லயத்தைக் காக்க ஒரு வாட்ச்மேன்கூட இல்லை. புருஷனை அடிக்கிறார்கள் என்று ஓடிவந்து சொன்ன ஆளிடம் ராமாயி அக்கா கேட்டது ஒன்றுதான்: "வாட்ச்மேனுங்க எல்லாம் அங்கதானா?" பிறகு விறகு பிளக்கிற கோடாலியை எடுத்தார். பூட்டு ஒவ்வொன்றாகத் தெறித்தது. கொட்டகைக் குடும்பங்கள் சட்டி பானையோடு லயத்துக்குள் ஏறின. வாட்ச்மேன்கள் திரும்பி வந்தபோது தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்திகளோடு பெண்கள் வாசலை மறித்து நின்றார்கள். முதலில் கை வைத்தவருக்கு முன்கை கிழிந்தது. அடுத்தவர் யோசித்தார். அந்த மழை முடிவதற்குள் சரிவு மிச்சத்தையும் உருட்டிக்கொண்டு வந்து, காலிக் கொட்டகைகளை அப்பளமாக்கியது. அதன்பின் அவர்களைக் காலிசெய்யச் சொல்ல மேனேஜருக்கு வாய் வரவில்லை.

அண்ணனுக்கு வேலை போனது. ஆட்டத்துக்காகக் கொடுத்த வீடு போனது. எந்த மைதானத்திலும் கால் வைக்கக்கூடாது என்று ஆயுள் முழுக்கத் தடை வந்தது. தடை போட்டவர்கள் அந்தக் காலைப் பார்க்கவில்லை போலும். முழங்கால் மடங்கியபடியே கூடியது. தேசத் துரோகி என்று சில டீக்கடைகளில் அவருக்குக் கிளாஸ் தரமாட்டார்கள். கூடலூர்ப் பக்கம் ரோட்டுக்கு ஜல்லி உடைக்கிற வேலை கிடைத்தது. "உக்காந்து செய்யுற வேல தம்பி. எனக்குன்னே வச்சிருக்காங்க" என்று சிரித்தார்.

அந்த இடத்துக்கு எதிரே பள்ளிக்கூடம். அங்கே கீதம் கேட்டால், சுத்தியலைக் கீழே போட்டுவிட்டு, சுவரைப் பிடித்து, அந்த மடங்கிய காலோடு எழுந்து நிற்பார். எத்தனை வலி என்று முகம் சொல்லும். ஏன் அண்ணா இப்போது நிற்கிறீர்கள் என்று ஒருநாள் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்குக் கேக்க ஒண்ணு இருந்துச்சு, உக்காந்தேன். அவங்க எல்லாம் மேல லயத்துக்கு ஏறிட்டாங்க. இப்ப எதுக்கு உக்காரணும்?"

நேற்று முன்தினம் அவரை அடக்கம் செய்தோம். அந்த லயத்துச் சனம் அத்தனையும் வந்திருந்தது. தோள்பட்டை சாய்ந்த போஜன் வந்திருந்தார். வழக்கப்படி கால் பெருவிரல்கள் இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டும். இடது கால் நீண்டு கிடந்தது. வலது கால் முட்டியை மேலே தூக்கிக்கொண்டு குன்று மாதிரி நின்றது. விரல் விரலுக்கு எட்டவில்லை. துணியைப் போர்த்தினால் கூடாரம் அடித்தது போலிருந்தது. இப்படியே எடுத்துப் போனால் நன்றாக இருக்காது, ஓங்கி ஒரு அமுக்கு அமுக்கினால் நேராகிவிடும் என்று ஒருவர் முட்டிமேல் இரண்டு கையையும் வைத்தார்.

ராமாயி அக்கா தலைமாட்டிலிருந்து நிமிர்ந்தார். கத்தவில்லை.

"கைய எடுங்கய்யா. அடிச்சு மடக்குனாங்க. அடிச்சு நீட்ட வேணாம்."

கையை எடுத்துவிட்டார்கள். விரல்களைக் கட்டாமலே தூக்கினோம். குழியை இன்னும் ஒரு முழம் ஆழப்படுத்தவேண்டியிருந்தது. அந்த வேலையை முறிந்த தோளோடு போஜனே இறங்கிச் செய்தார். மண் தள்ளத் தள்ள முகம் மறைந்தது, மார்பு மறைந்தது. அந்த முட்டி மட்டும் வெகுநேரம் வெளியே நின்றது. அதன்மேல் மண் போட யாருக்கும் கை வரவில்லை. அக்காதான் போட்டார்.

போய் வாருங்கள் அண்ணா.