என் கையெழுத்தில் அவர் எழுதிய கடிதங்கள்

நாடகாசிரியர் அமிர்தநாதர் அண்ணை காலமாகிவிட்டார் என்று அவருடைய மகள் தொலைபேசியில் சொன்னபோது, மார்க்கம் நகரில் என் வீட்டு வாசலில் பனி வழித்துக்கொண்டிருந்தேன். நான் கேட்ட முதல் கேள்வி, "றெஜினா அக்காவுக்குச் சொல்லியாச்சோ?"

"ஓம் அங்கிள், அவவுக்குத்தான் முதல் மெசேஜ் போட்டனான்."

அந்தத் துக்கத்திலும் எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. அதிலும் நான் இரண்டாம் ஆள்தான்.

அவருடைய நாடகங்களைப் பார்த்த உங்களுக்கு அவரைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. ரொறன்ரோவில் அவர் மேடையேற்றிய நாடகங்களில் இருபது வருடம் நடித்தேன். நன்றாக நடித்தீர் என்று ஒருநாளும் சொன்னதில்லை. ஒருமுறை மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. திரைக்குப் பின்னால் ஓடிப்போய் அவர் முன்னே நின்றேன். "சால்வையை மற்றப் பக்கம் போட்டிட்டீர்," என்றார். அவ்வளவுதான்.

மூன்று வருடங்களுக்கு முன்னர், கண்பார்வை மங்கிய பிறகு, வோபர்ன் பகுதியில் இருந்த தன் அப்பார்ட்மென்டுக்கு வரச் சொன்னார். புதிய நாடகம் என்று நினைத்து, சவரம் செய்து, நல்ல சேர்ட்டும் போட்டுக்கொண்டு போனேன். "உம்மட கையெழுத்து வடிவு. றெஜினாவுக்கு ஒரு கடிதம் எழுதித் தாரும்," என்றார்.

றெஜினா அக்கா ஊரில் அவருடைய முதல் நாடகங்களின் கதாநாயகி. இப்போது மிசிசாகாவில் மகனோடு இருக்கிறார். காது முற்றாகக் கேட்காமல் போனதால் மேடையை விட்டவர். தொலைபேசியிலும் பேச முடியாது. மெசேஜ் அனுப்பலாமே என்றேன். "அதில மூச்சு விட இடமில்லை," என்றார் அண்ணை.

சனிக்கிழமைகளில் அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பழைய ஒத்திகைகள், எழுத முடியாமல் போன நாடகங்கள், சாவைப் பற்றிய பயம். இருபது வருடம் பக்கத்தில் இருந்த என்னிடம் ஒரு சொல்கூடப் பேசாதவற்றை, என் கையாலேயே இன்னொருவருக்கு எழுத வைத்தார். முத்திரை ஒட்டியதும் நான்தான்.

போன வருடம் ஒரு சனிக்கிழமை ஒரு வரி சொன்னார். என் பேனா நின்றுவிட்டது. அதை எழுதாமல் அடுத்த வரிக்குப் போனேன்.

"எங்க, வாசியும் பாப்பம்."

தாளில் இல்லாத அந்த வரியையும் ஏற்ற இறக்கத்தோடு வாசித்தேன். அண்ணை கண்ணை மூடிக் கேட்டார். "நல்லாச் சொன்னீர்," என்றார். நான் காத்திருந்த பாராட்டு அப்படித்தான் எனக்குக் கிடைத்தது.

இறுதி அஞ்சலிக்கு றெஜினா அக்கா எல்லாக் கடிதங்களையும் ஒரு பையில் கொண்டுவந்திருந்தார். என் பக்கத்தில் வந்து இருந்தார். "எல்லாத்தைப் பற்றியும் எழுதினார் தம்பி. நான் எப்பிடி நடிச்சனான் எண்டு மட்டும் எழுதேல்லை. ஒவ்வொரு கடிதத்திலயும் தேடினனான்."

அவருக்கு எதையும் எழுதித்தான் காட்ட வேண்டும். சட்டைப் பையில் பேனா இருந்தது. 'நல்ல மனிதர்' என்று மட்டும் எழுதி நீட்டினேன்.

அண்ணையிடமிருந்து தங்களுக்குக் கிடைத்ததைப் பற்றி இந்த நினைவு மலரில் எல்லோரும் எழுதுகிறார்கள். என்னிடம் மிஞ்சியிருப்பது அந்த ஒரு வரி. அதுவும் எனக்குச் சொந்தமில்லை. பொறாமை இன்னும் போகவில்லை. இதை எழுதும்போதும் கை பின்வாங்குகிறது. அக்கா, அவர் சொன்னபடியே தருகிறேன்:

"றெஜினா, உமக்குப் பிறகு நான் எழுதின பொம்பிளையள் எல்லாரும் உம்மட குரலிலதான் என்னோட கதைச்சவை."