மூட்டைக்கு வைத்த ஸ்பிரிங்

வீரையன் அண்ணன் தன் வண்டியைக் கொண்டுவந்து என் கடை வாசலில் நிறுத்தியது மாசி மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. நெல்லைப் போட்டுவிட்டு நேராக வந்திருந்தார். கொள்முதல் நிலையத்தில் பத்து நாள் காத்துக் கிடந்த ஆள். பனி ஈரம் காயவில்லை, முறை வரவில்லை என்று குவியல் பக்கத்திலேயே சாப்பாடு, தூக்கம் எல்லாம். கண் இரண்டும் சிவந்து, தலையெல்லாம் நெல் தூசு. பெஞ்சில் உட்கார்ந்ததும் சாய்ந்துவிடுவார் என்று நினைத்தேன். எனக்கும் அன்று காலையிலிருந்து இடுப்பு வலி, யார் வந்து பேசினாலும் எரிச்சலாக இருந்தது.

"தம்பி, வண்டிய செங்கம் போற மாதிரி ரெடி பண்ணிக் குடு."

"எந்தச் செங்கம்? திருவண்ணாமலைக்கு அந்தாண்டயா? இது கும்மோணம் போயிட்டுத் திரும்பினாலே பெரிய விசயம்ண்ணே."

"வெள்ளிக்கிழமை வெள்ளன கெளம்பணும். ஒங்க அண்ணியும் வருது."

திருவிடைமருதூரில் மயிலாடுதுறை ரோட்டு ஓரம் இருபத்திரண்டு வருடமாக பைக் ரிப்பேர் கடை வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை கேட்கிறவர்கள் உண்டு, யோசனை கேட்கிறவர்கள் கிடையாது. ஆனாலும் சொன்னேன். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது, பேசாமல் பஸ்ஸில் போங்கள் என்றேன். ஏன் முடியாது என்பது எனக்கே தெரியும். அம்சம் அண்ணிக்கு பஸ் ஒத்துக்கொள்ளாது. இங்கே ஏறினால் கும்பகோணம் போவதற்குள் இரண்டு தடவை வாந்தி எடுத்துச் சுருண்டுவிடுவார். கார் என்றால் கதவைச் சாத்தும்போதே ஆரம்பித்துவிடும். காற்று முகத்தில் அடிக்கிற வண்டி மட்டும்தான் அவருக்கு ஆகும்.

அவர்களுக்கு ஒரே பெண், எழில்மொழி. செங்கத்தில் பள்ளிக்கூட டீச்சர், மாப்பிள்ளைக்கும் அதே ஊர். கல்யாணம் ஆகி இரண்டு வருடத்தில் அண்ணி மகள் வீட்டை போனில்தான் பார்த்திருக்கிறார். முதல் பிரசவம் தாய் வீட்டில் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். வளைகாப்பு முடிந்ததும் அழைத்து வருவதாக இருந்தார்கள். அதற்குள் டாக்டர் அந்தப் பெண்ணைப் படுக்கையை விட்டே இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். இன்னும் பத்து நாளில் பிரசவம். மகள் வர முடியாது, அம்மா பஸ்ஸில் போக முடியாது, அப்பாவிடம் இருப்பதோ இந்த வண்டி.

"வலி எடுக்கையில நான் அது பக்கத்துல இருக்கணும்னு ஒங்க அண்ணி ஒரே சொல்லா நிக்கிது," என்றார் வீரையன் அண்ணன். "இதுவரைக்கும் என்கிட்ட எதையும் கேட்டதில்ல தம்பி."

வீரையன் அண்ணனின் அப்பா பண்ணை ஆளாக இருந்தவர். இவர் பதினான்கு வயதில் நாற்றுக்கட்டு தூக்க ஆரம்பித்தார். இருபது வருடம் கூலி வேலை, அப்புறம் குத்தகை. இப்போது ஒரு ஏக்கர் சொந்தம், இரண்டு ஏக்கர் குத்தகை. இதைச் சொல்ல எனக்கு இரண்டு வரி போதும், அவர் முதுகைக் கேட்டால் நாள் முழுக்கச் சொல்லும். வண்டியை வாங்கியது மகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட. மழையோ வெயிலோ, ஏழு வருடம் பின் சீட்டில் அந்தப் பெண்தான். அது கல்லூரி விடுதிக்குப் போனதும் அந்த இடத்துக்கு நெல் மூட்டை வந்தது.

மூட்டை ஏற்ற எதெல்லாம் இடைஞ்சலோ அதையெல்லாம் ஒவ்வொன்றாகக் கழற்றச் சொன்னார். சேலை சக்கரத்தில் சுற்றாமல் இருக்கப் போட்ட கம்பி போனது. பின்னால் உட்காருகிறவர் கால் வைக்கிற ஃபுட்ரெஸ்ட் இரண்டும் போயின. கைப்பிடி இருந்த இடத்தில் கயிறு கட்டுகிற கொக்கி வந்தது. ஷாக் அப்சார்பரில் ஐந்து படி உண்டு. முதல் படி இளக்கம், ஐந்தாவது படி நல்ல இறுக்கம். இவருடையது ஐந்தில் துருப்பிடித்து நின்றுவிட்டது. அந்த வண்டியில் நெல் போயிருக்கிறது, யூரியா போயிருக்கிறது, மருந்தடிக்கிற மெஷின் போயிருக்கிறது, ஒரு தடவை கன்றுக்குட்டிகூடப் போயிருக்கிறது. அம்சம் அண்ணி போனதில்லை. அவர் வண்டியில் முன்னால் போவார், அண்ணி பின்னால் நடந்து வருவார். அவர்களுக்குள் இதில் ஒரு வருத்தமும் இல்லை. எனக்குத்தான் பார்க்கும்போதெல்லாம் கோபம் வரும். அந்த ஃபுட்ரெஸ்ட்டைக் கழற்றிய கை என்னுடையது என்பது அடுத்தபடியாக ஞாபகம் வரும்.

திங்கள் சாயங்காலமே பிரித்துப் போட்டேன். செயின் செட் புதிது, பின் டயர் புதிது. பிரேக் ஷூ தேய்ந்து தகடாக இருந்தது. கிளட்ச் கேபிள் எப்போது அறுமோ என்று நான்கு இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. இதையெல்லாம் வைத்துக்கொண்டு மனுசன் எப்படித்தான் ஓட்டினாரோ. பழைய சாமான் பெட்டியைக் கவிழ்த்து அவருடைய சேலைக் கம்பியையும் ஃபுட்ரெஸ்ட்டையுமே தேடி எடுத்து, தேய்த்து மாட்டினேன். சீட்டுக்குள் பஞ்சு மாற்றினேன். ஷாக் அப்சார்பர் புதிது போடும்போது கேட்டேன்.

"அண்ணி எத்தன கிலோண்ணே இருக்கும்? அதுக்குத் தகுந்தாப்ல வைக்கணும்."

யோசிக்கவே இல்லை. "ஒரு மூட்ட இருக்கும்."

எங்கள் பக்கம் மூட்டை என்றால் அறுபது கிலோ. வியாபாரிக்குப் போடுகிற கணக்கு அது. கொள்முதல் நிலையத்தில் அரசாங்கம் பிடிக்கிறது சிப்பம், அது சாக்கு எடை நீங்கலாக நாற்பது கிலோ. இரண்டையும் மாற்றிச் சொல்கிற விவசாயி இங்கே யாரும் இல்லை. அறுபது கிலோவும் மகளுக்குக் கொண்டுபோகிற அரிசி, பலகாரப் பைகளும் சேர்த்து நான்காம் படியில் வைத்தேன்.

புதன்கிழமை வந்து எடுத்துப் போனவர், வீட்டிலிருந்த விதைநெல்லில் ஒரு மூட்டையைப் பின் சீட்டில் கட்டிக்கொண்டு கும்பகோணம் வரை ஓட்டிப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்து சொல்லும்போது அந்தச் சோர்ந்த முகத்தில் ஒரு சந்தோஷம்.

"ஆடல, அசையல தம்பி. அம்சம் தூங்கிக்கிட்டே வரலாம்."

"மூட்ட எங்கண்ணே தூங்கும்? நாளைக்கி அண்ணிய அழைச்சிட்டு வாங்க. ஃபுட்ரெஸ்ட் எட்டுதான்னு பாக்கணும்."

வியாழன் நான்கு மணிக்கு வந்தார்கள். அவர் வண்டியில் வந்தார். அண்ணி இருபது நிமிடம் கழித்து நடந்து வந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பானரைத் தட்டில் விட்டெறிந்தேன். "ஏண்ணே, இந்த வண்டிய யாருக்காக நாலு நாளாப் பிரிச்சு மாட்டிக்கிட்டு இருக்கேன்?" என்றேன். அவர் நிஜமாகவே திகைத்துப்போனார். ஏற்றி வரலாம் என்று இருவருக்குமே தோன்றியிருக்கவில்லை.

அண்ணி சேலையை ஒதுக்கி, பின்னால் ஏறி உட்கார்ந்தார். நான் ஸ்பிரிங்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது கொஞ்சம்கூட இறங்கவில்லை.

"நல்லா உக்காருங்கண்ணி."

"உக்காந்துதானப்பா இருக்கேன்."

ரயில்வே கேட் வரை ஒரு நடை போய் வந்தார்கள். வழியில் இரண்டு வேகத்தடை. திரும்பி வந்து இறங்கியபோது அண்ணி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். உதடு வெளுத்திருந்தது.

"ஒண்ணுமில்ல. ரெண்டு எடத்துல தூக்கிப் போட்டுச்சு. பழகிரும்."

இரண்டாம் படிக்குத் தளர்த்தினேன். அப்படியும் இறங்கவில்லை. எனக்கு என் வேலையில்தான் சந்தேகம் வந்தது. "அண்ணே, எடை சரியாத்தான் சொன்னீங்களா?" என்றேன்.

"பாப்பா கல்யாணத்துக்கு முன்னாடி ஆஸ்பத்திரில பாத்தப்ப அறுபத்திரண்டுன்னு எழுதிக் குடுத்தாங்களே."

என் கடைக்கு அடுத்தது பர்வினின் தவிடு, புண்ணாக்குக் கடை. வாசலில் தரையோடு தரையாக எடை மெஷின் உண்டு. பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்த பர்வின், "இதுல ஏறி நில்லுங்கக்கா, போட்டுப் பாத்துருவோம்" என்றது. அண்ணி செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். சிவப்பு எழுத்தில் 40.6 என்று காட்டியது.

மெஷினில்தான் கோளாறு என்று பர்வின் ஐம்பது கிலோ தவிட்டு மூட்டை ஒன்றை இழுத்து வைத்தது. சரியாக ஐம்பது. மறுபடி அண்ணியை ஏற்றினோம். மறுபடி அதே 40.6.

வீரையன் அண்ணன் அந்த எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார். கொள்முதல் நிலையத்தில் பத்து நாளாக இதே சிவப்பு எழுத்தைத்தான் பார்த்திருக்கிறார். இருநூறு கிராம் கூடுதலாகப் பிடித்துவிட்டார்கள் என்று ஒரு நாள் அங்கே சத்தம் போட்டதை என்னிடமே சொல்லியிருக்கிறார். இங்கே இருபது கிலோவுக்கு மேல் வீட்டுக்குள்ளேயே காணாமல் போயிருக்கிறது.

"சாக்கோட ஒரு சிப்பம்," என்றார்.

அண்ணி வாரத்துக்கு நான்கு நாள் என் கடையைத் தாண்டித்தான் ரேஷனுக்கும் சந்தைக்கும் நடந்து போகிறார். நானும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பர்வின் மெதுவாகக் கேட்டது. "தண்ணி நெறைய குடிக்கிறீங்களாக்கா?"

"வெயில்ல வேல செஞ்சா தாகம் எடுக்காதாம்மா?"

"ராத்திரில எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"

அண்ணி குனிந்து செருப்பை மாட்டினார்.

"எங்க மாமியாருக்கும் இப்புடித்தான் ஆரம்பிச்சுது. சக்கரையா இருக்கும்ண்ணே, பாத்துருங்க," என்றது பர்வின் வீரையன் அண்ணனிடம்.

"அதெல்லாம் அப்பறம் பாத்துக்கலாம்," என்றார் அண்ணி. "ரவிக்கைய நாலு தடவ பிடிச்சிட்டேன், எனக்குத் தெரியாதா? நீ ஸ்பிரிங்க எறக்கி விடுப்பா. காலைல போவணும்."

வீரையன் அண்ணன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். "நாளைக்கி செங்கம் இல்ல. ஆஸ்பத்திரி" என்றார்.

அண்ணி சத்தம் போட்டு நான் கேட்டதே கிடையாது. அன்று ரோட்டில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். "பத்து நாளு நெல்லுக்குக் காவல் கெடந்தீங்க. அப்ப நான் எப்புடி இருக்கேன்னு பாத்தீங்களா? இத்தன நாளு பாக்கல, இன்னும் பத்து நாளைக்கிப் பாக்காம இருங்க. எம்புள்ளகிட்ட கொண்டுபோயி விடுங்க, அது போதும் எனக்கு."

நான் குனிந்து ஸ்பிரிங்கை முதல் படிக்கு இறக்கினேன். தலையைக் குனிந்துகொள்ள ஒரு வேலை இருந்தது நல்லதாகப் போயிற்று.

அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். வீரையன் அண்ணன் வண்டியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் போய், "ஏறு அம்சம்" என்றார். அண்ணி ஏறவில்லை. கொஞ்ச தூரம் வண்டியை உருட்டவிட்டவர், அப்புறம் எஞ்சினை அணைத்தார். இறங்கி, வண்டியைத் தள்ளிக்கொண்டே கூட நடந்தார். வாய்க்கால் மதகு தாண்டி அவர்கள் திரும்புகிற வரைக்கும் பார்த்தேன். அண்ணி கடைசி வரை ஏறவில்லை.

மறுநாள் அண்ணன் பிடிவாதமாக அழைத்துப் போன ஆஸ்பத்திரியில் சர்க்கரை நானூறைத் தாண்டி இருந்தது. அன்றே படுக்கை போட்டுவிட்டார்கள். இப்படியே அவ்வளவு தூரம் போயிருந்தால் வழியிலேயே விழுந்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். நாள் இருந்தும் ஞாயிற்றுக்கிழமையே எழில்மொழிக்கு ஆண் குழந்தை பிறந்துவிட்டது. அண்ணி ஊசி குத்திய கையோடு போனில் குழந்தையைப் பார்த்தார். நான் பார்க்கப் போனபோது சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "வண்டிய நல்லா ரெடி பண்ணுனப்பா" என்றார். அந்த ஒரு சொல்லுக்கு நான் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. வீரையன் அண்ணனோடு அண்ணி ஆறு நாள் பேசவில்லை. அண்ணன் ஆறு நாளும் கட்டிலுக்குக் கீழேயே துண்டை விரித்துக் கிடந்தார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, மாத்திரை ஊசியெல்லாம் பழகி, டாக்டர் சரி என்ற பிறகு கிளம்பினார்கள். ஸ்பிரிங்கை முதல் படியில் வைத்துத்தான் அனுப்பினேன். முப்பது கிலோமீட்டருக்கு ஒரு தடவை நிறுத்தணும், மூட்டை வைத்த ஞாபகத்தில் ஓட்டக் கூடாது என்று திட்டியே அனுப்பினேன். விருத்தாசலத்தில் சொந்தக்காரர் வீட்டில் ஒரு ராத்திரி தங்கினார்களாம்.

மூன்றாம் நாள் மத்தியானம் போன் வந்தது.

"தம்பி, பேரன ஊசி போட அழைச்சிட்டு வந்தோம். மூணு கிலோ நூறு இருக்கான்."

"சந்தோசம்ண்ணே. வண்டி எப்படி? மேட்டுல இழுத்துச்சா? செயின் சத்தம் எதுவும் வருதா?"

"இங்க பெரியவங்க நிக்கிற மெஷினும் இருக்கு. அம்சத்தையும் ஏத்தி நிறுத்துனேன். நாப்பத்தொண்ணு நானூறு."

பின்னாலிருந்து அண்ணியின் குரல் கேட்டது. "அந்தப் புள்ள வண்டியக் கேக்குது, நீங்க என்னத்தச் சொல்லிக்கிட்டு இருக்கீங்க?"

அவர் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

"எண்ணூறு கிராம் கூடிருக்கு தம்பி," என்றார். நான் கேட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் மறுபடியும் சொன்னார். "எண்ணூறு கிராம்."