டிக்கிக்குள் இருப்பவள்

மழைக்காலம் வந்துவிட்டால் அந்தத் தெருவில் குடை ரிப்பேர்காரரிடம்கூட அவ்வளவு கூட்டம் இருக்காது. கூட்டமெல்லாம் கடைசி ஷெட்டில், தண்ணி டாக்டரிடம்தான். பழைய கார் வாங்கியவர்கள் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வரிசையில் நிற்பார்கள். வாங்கும்போது கார் கமகமவென்று மணத்திருக்கும். முதல் மழை பெய்து நாலாம் நாள் கதவைத் திறந்தால் ஈரச்சாக்கு நாற்றம். மிதியடியைத் தூக்கினால் கீழே குட்டிக் குளம். விற்றவனுக்குப் போன் போட்டால் அவன் எடுக்கப்போவதில்லை. அப்புறம் டாக்டரை விட்டால் யார் கதி?

டாக்டர் ஓஸைப் பிடித்துத் தண்ணீர் அடித்துக்கொண்டு காரைச் சுற்றி நிதானமாக ஒரு நடை நடப்பார். இடது உள்ளங்கை காரின் மேலேயே இருக்கும். எங்கேயோ ஓரிடத்தில் சட்டென்று நின்று, "இங்கதான்" என்பார். பிரித்துப் பார்த்தால் ஓட்டை அங்கேதான் இருக்கும். அந்தக் கையில் ஏதோ இருக்கிறது என்று ஊரே பேசிக்கொண்டது. கைராசி என்பார்கள், வரம் என்பார்கள்.

வரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அந்த நேரத்தில் மூடிய டிக்கிக்குள் அவருடைய சம்சாரம் முழங்காலை மடக்கிப் படுத்துக்கொண்டு, கையில் டார்ச்சோடு, தண்ணீர் எங்கே நுழைகிறது என்று பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் ஏறிப் படுப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், எதற்கு என்றுதான் யாரும் யோசித்ததில்லை. ஓஸ் சத்தத்தில் கத்தினாலும் வெளியே கேட்காது. அதனால் விரல் முட்டியால் தகரத்தில் தட்டுவாள். ஒரு தட்டு என்றால் இங்கே இல்லை, நகரு. இரண்டு தட்டு என்றால் நில், இதுதான். மூன்று தட்டினால் மூச்சு முட்டுகிறது, திற. பக்கத்தில் நிற்பவர் காதுக்கு எட்டாது, உள்ளங்கைக்குத் தெரியும். டாக்டரின் கையில் இருந்த வரம் இவ்வளவுதான்.

இது ஆரம்பித்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. கல்யாணமான புதிதில் ஒரு வாடகைக் காரோட்டியின் வண்டி வந்தது. இடது பக்கம் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர். முன் கண்ணாடி ரப்பர்தான் போயிருக்கும் என்று மாப்பிள்ளை அதை மாற்றினார். மறுபடி தண்ணீர். இன்னொரு ரப்பர் போட்டார். மறுபடியும் தண்ணீர். சாப்பாடு கொண்டுவந்த புதுப்பெண் மழைக்கு ஒதுங்க அந்தக் காருக்குள்ளேயே ஏறி உட்கார்ந்தாள். உட்கார்ந்தவள் சும்மா இருக்கவில்லை, அண்ணாந்து பார்த்தாள். கூரைத்துணியில் ஏரியல் குச்சிக்குக் கீழே கைக்குட்டை அகலத்துக்கு ஒரு கறை. அங்கிருந்து ஈரம் ஓரமாக நகர்ந்து, கதவோரத் தூணுக்குள் இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் காணாமல் போனது. "தண்ணி நிக்கிற இடத்தையே பார்க்கிறீங்க. அது கிளம்புன இடம் மேல இருக்கு" என்றாள். ஏரியலின் அடி வாஷரை மாற்றியதும் வண்டி காய்ந்தது. காரோட்டி டாக்டருக்குக் கை கொடுத்துவிட்டுப் போனார். டாக்டர் என்ற பெயரும் அன்றைக்கு அந்தக் காரோட்டி வைத்ததுதான்.

டாக்டரைக் குறை சொல்லக் கூடாது. பிரித்து, துடைத்து, சீலன்ட் பசை வைத்து விரலால் நீவி முடித்தால் அந்த இடத்தில் பத்து வருஷத்துக்குத் தண்ணீர் வராது. அந்தக் கை சுத்தமான கை. ஆனால் எங்கே வைக்க வேண்டும் என்பது அவருக்கு இன்றுவரை பிடிபடவில்லை. அவள்தான் இணைப்புகளின் மேல் முகப்பவுடரைத் தூவி வைத்துக்கொண்டு எந்தச் சொட்டு முதலில் கோடு போடுகிறது என்று பார்ப்பாள். தன் முகத்துக்குப் போட்டதைவிடக் கார்களுக்குத்தான் அதிகம் பவுடர் போட்டிருப்பாள். ஒருமுறை தகர வேலை செய்யும் ஒரு டிங்கர், கதவுக்குக் கீழே தண்ணீர் வெளியேற விட்டிருந்த துளைகளையெல்லாம் ஓட்டை என்று நினைத்து அடைத்து அனுப்பிவிட்டார். பிரேக் போட்டால் கதவுக்குள் அலையடித்தது. உள்ளே உட்கார்ந்து அந்தச் சத்தத்தைக் கேட்ட மாத்திரத்தில் அவள் சொல்லிவிட்டாள். டாக்டர் வெளியே வந்து அதைத் தன் வாயால் சொன்னார். வந்தவர் வாயைப் பிளந்தார்.

அவளுக்கு நாற்பத்தாறு வயது. மழைக்காலம் முழுக்கப் பூஞ்சை பிடித்த கார்ப்பெட்டில் முகம் புதைத்துப் புதைத்து இருமல் நிரந்தரமாகிவிட்டது. இடது முழங்கால் மடங்கினால் நிமிராது, நிமிர்ந்தால் மடங்காது. போன வருஷம் மகள் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்பும்போது தகப்பனார் தொழில் என்ற இடத்தில் கார் மெக்கானிக் என்று எழுதினாள். தாயார் தொழிலுக்கு, வீட்டில் இருக்கிறார். பவுடரும் சீலன்ட்டும் ஒட்டிய நகங்களோடு காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் எட்டிப் பார்த்துவிட்டு அடுத்த காயை எடுத்தாள். பெற்ற பெண்ணே எழுதிய பிறகு மற்றவர்களைச் சொல்லி என்ன பயன்?

இப்படி இருக்கும்போதுதான் ஊருக்கு வெளியே பழைய கார்களை விற்கும் யார்டிலிருந்து ஆள் வந்தது. நாற்பது கார் வெட்டவெளியில் நின்று நனைந்து நாறுகிறது, எல்லாவற்றையும் பார்க்க நிரந்தரமாக ஆள் வேண்டும், டாக்டர் வந்து செய்து காட்டட்டும் என்று முதலாளி சொல்லியனுப்பியிருந்தார். அவளுக்கு அந்த யார்டு தெரியும். அங்கே கூட்டுகிற பெண்ணிலிருந்து கணக்கு எழுதுகிறவர்வரை எல்லோர் கழுத்திலும் நீல நாடாவில் ஓர் அட்டை தொங்கும். அதில் அவரவர் போட்டோ, பெயர், என்ன வேலை என்பது. அவளுக்கு அதுதான் வேண்டும். கேட்பவர்களுக்குச் சிரிப்பு வரலாம். டிக்கிக்குள் இருபத்திரண்டு வருஷம் படுத்தவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"ரெண்டு பேருக்கும் கேளுங்க. என் பேருல தனியா ஒரு வேலை" என்றாள்.

"இதையெல்லாம் நீ சொல்லித்தானா எனக்குத் தெரியணும்? நீ இல்லாம நான் என்னத்தைப் பண்ணப்போறேன்" என்றார் டாக்டர். நன்றாகத்தான் சொன்னார். அந்த நிமிஷத்தில் அவர் பொய் சொல்லியிருக்க மாட்டார் என்றுதான் அவள் இன்றுவரை நம்புகிறாள்.

அவரிடம் சொல்லாமல் ஸ்டுடியோவுக்குப் போய் நாலு போட்டோ எடுத்து, மணிபர்சில் வைத்து, இடுப்பில் செருகிக்கொண்டாள்.

யார்டு முதலாளி வெள்ளைச் சட்டையும் வெள்ளைச் செருப்புமாக நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் அட்டை தொங்கவிட்ட நாலு பேர். முதல் காரின் டிக்கியில் அவள் ஏறிப் படுத்தாள், டாக்டர் மூடினார். ஓஸ் இரைந்தது. ஒரு தட்டு. இன்னொரு பக்கம், ஒரு தட்டு. பின் லைட்டின் மூலையில் பவுடர் கரைந்து கோடு இறங்கியது. இரண்டு தட்டு. டாக்டர் நின்று "இங்கதான்" என்றார். லைட்டைக் கழற்றினார்கள், ரப்பர் நைந்து கிடந்தது. ஓஸை நிறுத்தியதும் வெளியே பேசுவது டிக்கிக்குள் தெளிவாகக் கேட்டது.

"உள்ள அந்தம்மா என்ன பண்றாங்க?" என்று கேட்டது முதலாளி.

"அவ சும்மா லைட் புடிக்கிறவ சார். வீட்ல தனியா இருக்கணுமேன்னு கூட்டிட்டு வந்தேன்."

"இங்க வேலைக்கு வந்தா அவங்களும் வருவாங்களா?"

"வேணாம் சார், நான் ஒருத்தன் போதும். லைட் புடிக்க உங்க ஆளுங்கள்ல யாரையாவது விடுங்க."

ஏன் அப்படிச் சொன்னார்? வெள்ளைச் செருப்பைப் பார்த்து வாய் குழறிவிட்டதா, இரண்டு வேலை கேட்டால் ஒன்றும் கிடைக்காமல் போய்விடும் என்ற பயமா, அல்லது இத்தனை வருஷம் ஊர் சொல்லிச் சொல்லி அவரே நம்பிவிட்டாரா? தெரியாது. அவளும் கேட்டதில்லை. அந்த இருட்டில் அவளுக்கு அழுகை வரவில்லை, காது மட்டும் சுட்டது. இந்த மனிதருக்கு இருபத்திரண்டு வருஷம் சோறும் போட்டு மூளையும் கொடுத்தோமே என்று நினைத்தாள். அப்படி நினைத்ததற்காகக் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

டிக்கி திறந்தது. டாக்டர் அவள் முகத்தைப் பார்க்காமல் கை கொடுத்து இறக்கினார். முதலாளிக்கு ரொம்பத் திருப்தி. கடைசியாக இன்னும் ஒரே ஒரு கார், நாலு மெக்கானிக் தலையைப் பிய்த்துக்கொண்டு போன கார், அதையும் பார்த்துவிட்டால் நாளைக்கே வேலையில் சேரலாம் என்றார். அவள் அந்தக் காரின் டிக்கியில் ஏறினாள்.

தண்ணீர் விழுந்த இரண்டாவது நிமிஷமே பார்த்துவிட்டாள். டிக்கி மூடியின் கீலுக்குப் பக்கத்தில் தகரம் தகரத்தோடு சேரும் இடத்தில் பழைய பூச்சு விண்டிருந்தது. மயிரிழை அளவுதான். அதிலிருந்து ஒரு சொட்டு எட்டிப் பார்த்து, பவுடரில் கோடு போட்டு இறங்கி, ஸ்டெப்னி டயர் இருக்கும் பள்ளத்தில் விழுந்தது. நாலு மெக்கானிக்கும் கீழே குனிந்து தேடியிருப்பார்கள், மேலே எவன் பார்த்தான்? டாக்டரின் உள்ளங்கை அதே கீலுக்கு மேலேதான் இருந்தது. அவள் கையைத் தூக்கினாள். முட்டிக்கும் தகரத்துக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி.

தட்டவில்லை.

உள்ளங்கை சற்று நேரம் காத்திருந்துவிட்டு நகர்ந்தது. காரைச் சுற்றி வந்தது. இரண்டாம் சுற்று. ஒரு தட்டுகூட இல்லாமல் டாக்டர் இதுவரை நடந்ததே இல்லை. கண்ணைக் கட்டிவிட்ட மாதிரி இருந்திருக்கும். மூன்றாம் சுற்றில் தகரத்தில் விழும் தண்ணீர் தடுமாறியது அவளுக்குக் கேட்டது. சொட்டு ஒழுக்காகித் தண்ணீர் விரிப்பில் பரவியது, இடுப்பை நனைத்தது.

அப்போது மேலேயிருந்து தகரத்தில் இரண்டு தட்டு விழுந்தது. மெதுவாக, யாருக்கும் கேட்காமல், கெஞ்சுகிற மாதிரி. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் வெளியிலிருந்து தட்டியது அதுதான் முதல் தடவை. அவள் டார்ச்சை அணைத்தாள்.

கடைசியில் அவரே டிக்கியைத் திறந்தார். "எங்கேருந்து வருது?" என்று உதடு அசையாமல் கேட்டார்.

"எனக்கு என்னங்க தெரியும்? நான் லைட் புடிக்கிறவ" என்றாள், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி.

யாருக்காவது விளங்கியதா என்றால், இல்லை. முதலாளி அவளுடைய நனைந்த சேலையைப் பார்த்து இரக்கப்பட்டார். டாக்டரின் தோளில் கை போட்டு ஓரமாகக் கூட்டிப் போய், "வீட்டு ஆளுங்களை வேலைக்குக் கூட்டிட்டு வந்தா இப்படித்தான் கவனம் சிதறும். பார்த்துச் சொல்லியனுப்புறேன்" என்றார். சொல்லியனுப்பவில்லை.

திரும்பும்போது வேனில் பாதித் தூரம் வந்தாயிற்று. அவள் இடுப்பிலிருந்து மணிபர்சை எடுத்துத் திறந்தாள். நாலு போட்டோவும் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பிரித்தால் முகம் முகத்தோடு உரிந்து வந்தது.

"இது எதுக்கு எடுத்த?" என்றார் டாக்டர்.

"அட்டைக்கு."

அவர் சாலையைப் பார்த்து ஓட்டினார். கொஞ்ச தூரம் போய், "ரெண்டு தட்டு தட்டியிருந்தா நம்ம பொழப்பு நிமிர்ந்திருக்கும்" என்றார்.

"யார் பொழப்பு?" என்று கேட்டாள். அவர் கியரை மாற்றினார். போட்டோக்களை அவள் ஜன்னல் வழியாக வீசவும் இல்லை, காயவைக்கவும் இல்லை. மணிபர்சிலேயே வைத்து மூடினாள்.

இதனால் அவளுக்கு நிம்மதி கிடைத்தது என்று எழுதினால் காதில் பூச் சுற்றுகிற வேலை. அன்றிரவு இருமலும் காய்ச்சலுமாகக் கிடந்தாள். மகளின் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணம் அப்படியே நின்றது. ஒரே ஒரு நல்ல வேலை வந்து வாசல்வரை நின்றுவிட்டுப் போனதில் தன் பங்கும் உண்டு என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும், மறுபடி அந்த டிக்கிக்குள் படுத்தால் மறுபடியும் தட்டமாட்டோம் என்றும் தெரியும்.

பதினோராம் நாள் ஒரு கணக்கு வாத்தியார் பழைய கார் ஒன்றைக் கொண்டுவந்தார். வாங்கி ஒரு மாதம், டிக்கியில் தண்ணீர், வைத்திருந்த விடைத்தாள் கட்டு ஊறிப்போய்விட்டது என்று புலம்பினார். அடுப்பில் உலை கொதிக்க வேண்டுமே. அவள் பவுடர் டப்பாவையும் டார்ச்சையும் எடுத்துக்கொண்டு ஏறிப் படுத்தாள். டாக்டர் மூடினார். ஓஸைத் திறப்பதற்கு முன்னால் வாத்தியார், வழக்கமாக எல்லோரும் கேட்பதைத்தான் கேட்டார்: எப்படிங்க கண்டுபிடிக்கிறீங்க?

டிக்கிக்குள் அவள் காதைத் தகரத்தில் வைத்துக்கொண்டாள். வெளியே டாக்டர் சீலன்ட் டியூபின் மூடியைத் திருகினார், மறுபடி மூடினார். உள்ளங்கையை டிக்கியின் மேல் வைத்தார்.

"உள்ள ஆள் இருக்கு சார்" என்றார்.

ஆள். அவளுக்குப் பெயர் இருக்கிறது, அவருக்கும் அது தெரியும். சம்சாரம் என்றாவது சொல்லியிருக்கலாம். அவ்வளவு தூரம் அவருக்கு வாய் வரவில்லை.

ஓஸ் இரைந்தது. டெயில் லேம்ப் ஓரத்தில் முதல் சொட்டு கோடு போட்டு இறங்கியது. அவள் கையைத் தூக்கி வைத்துக்கொண்டு பார்த்தாள். இரண்டாவதும் விழட்டும் என்று இருந்துவிட்டு, மூன்றாவது சொட்டுக்குத் தட்டினாள்.